வயலில் இறங்கிய விமானம்: எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

என் மகன் இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகுகிறான். இந்த வருடம் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு ஒரு நாள், அவனும் பயிற்றுநரும் போன சிறிய விமானத்தின் எஞ்சின் நடுவானில் வலுவிழந்தது. பண்டாரகமைப் பக்கம் ஒரு வயலில் இறக்கினார்கள். தரையில் ஓடும்போது முன்சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்ந்துவிட்டது. மகனுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது, பயிற்றுநருக்கு நெற்றியில் தையல். இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

அன்று இரவு தொடங்கி எங்கள் வெள்ளவத்தை வீட்டில் தொலைபேசி ஓயவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து, பதுளையிலிருந்து, ரொறொன்ரோவிலிருந்து, கீழ் மாடியிலிருந்து என்று எல்லோரும் கேட்டவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. மகனிடமும், ஓய்வுபெற்ற விமானப் பொறியியலாளர் ஒருவரிடமும் கேட்டுச் சரிபார்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே வைத்திருக்கிறேன்.

எவ்வளவு பெரிய பிளேன் அது? கட்டுநாயக்காவில நாங்கள் ஏறுற மாதிரியோ?

இல்லை. அது செஸ்னா 152. இரண்டே இரண்டு இருக்கை, தோளோடு தோள் உரசும். வெறும் விமானம் ஏறக்குறைய 500 கிலோ. ஆட்கள், எரிபொருள், பை எல்லாம் சேர்த்து 757 கிலோவைத் தாண்டக்கூடாது. 110 குதிரைவலு கொண்ட எஞ்சின் ஒன்று. இரண்டு பேரும் நல்ல உடம்புக்காரர் என்றால் டேங்கை முழுதாக நிரப்ப முடியாது. அதனால் புறப்படும் முன் நிறைக் கணக்குப் போட்டே ஆகவேண்டும். இடது பக்கம் மாணவன், வலது பக்கம் பயிற்றுநர், இருவருக்கும் தனித்தனிச் சுக்கான்.

அந்த மொடல் 77ஆம் ஆண்டு வந்ததாமே. பழைய இரும்பிலயா பிள்ளைகளை ஏத்துறாங்கள்?

செஸ்னா 152 தயாரிக்கப்பட்டது 1977 முதல் 1985 வரை. ஆகவே உலகத்தில் எங்கே பறந்தாலும் அதற்கு நாற்பது வயதாவது இருக்கும். காரைப் போல வயதை வைத்து இதை எடை போடக்கூடாது. விமானத்தில் எல்லாம் பறந்த மணித்தியாலக் கணக்கு. இத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றம், 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெரிய பரிசோதனை, தயாரிப்பாளர் சொன்ன மணித்தியாலம் முடிந்ததும் எஞ்சினை முழுதாகக் கழற்றிப் பூட்டுதல். ஒவ்வொன்றும் கையொப்பத்தோடு பதிவாக வேண்டும். பழைய விமானமா என்பதை விட, அந்தப் பதிவுப் புத்தகம் ஒழுங்காக இருக்கிறதா என்பதே சரியான கேள்வி.

எஞ்சின் நிண்டா கல்லு மாதிரி விழாதோ?

விழாது. நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி இதுதான். விமானத்தைத் தாங்குவது எஞ்சின் அல்ல, இறக்கை. இறக்கையின் மேல் காற்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். கடுகண்ணாவை இறக்கத்தில் சைக்கிளில் வருபவர் பெடல் மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் நிற்பதில்லை, இறக்கமே தள்ளிக்கொண்டு வரும். எஞ்சின் நின்றதும் விமானி மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, காற்றில் ஓர் இறக்கத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார்.

இந்த விமானம் ஓரடி இறங்குவதற்குள் ஒன்பது அடி முன்னே போகும். 3000 அடியில் எஞ்சின் நின்றால் காற்றில்லாத நாளில் எட்டுக் கிலோமீட்டர் அளவு மிதந்து வரலாம்; கையில் நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். வேகம் 60 நொட், அதாவது மணிக்கு 110 கிலோமீட்டர் அளவில் இருக்க வேண்டும். அந்த நாலு நிமிடத்தில் வயல் தேடி, காற்றின் திசை பார்த்து, எஞ்சினை மீண்டும் இயக்கிப் பார்த்து, வானொலியில் 'மேடே' என்ற ஆபத்து அழைப்பைச் சொல்லி, கதவைச் சற்றுத் திறந்து வைத்து, எரிபொருளை அடைக்க வேண்டும். கவிழும்போது கதவு இறுகிவிட்டால் வெளியே வரமுடியாது, அதற்காகத்தான் கதவு. இவ்வளவையும் மாதத்தில் பல தடவை ஒத்திகை பார்க்கிறார்கள். மகன் அன்று செய்ததும் அப்படியான ஒத்திகை ஒன்றைத்தான். ஒத்திகையின் நடுவில் உண்மையாகவே வலு போய்விட்டது.

'ஸ்டோல்' ஆகி விழுந்தது எண்டு ஃபேஸ்புக்கில கிடக்கு. எஞ்சின் ஸ்டோல் தானே?

இரண்டும் வேறு. கார் எஞ்சின் திக்கி நிற்பதை நாம் ஸ்டோல் என்கிறோம். விமானத்தில் ஸ்டோல் என்றால் இறக்கை தன் வேலையை விட்டுவிடுவது. காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டினால், மேற்பரப்பைத் தழுவி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போகும், தூக்கும் விசை சரிந்துவிடும். எஞ்சின் முழு வலுவில் ஓடும்போதும் இது நடக்கலாம். எஞ்சின் நின்ற விமானம் ஸ்டோல் ஆகாமலும் இறங்கலாம். எங்கள் விமானம் ஸ்டோல் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்தப் பக்கத்தை நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஏன் திரும்பி இரத்மலானைக்கு வரேல்லை? இல்லாட்டி ரோட்டில இறக்கியிருக்கலாமே.

மேலே சொன்ன எட்டுக் கிலோமீட்டர் கணக்கைப் பாருங்கள். அன்று அவர்கள் ஒத்திகைக்காக ஏற்கெனவே 1500 அடிக்கு இறங்கிவிட்டார்கள். மிஞ்சியது நாலு கிலோமீட்டர். ஓடுபாதை அதைவிடத் தூரம். ரோட்டைப் பற்றி: நம் வீதிகளில் மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, பஸ், முச்சக்கரவண்டி இல்லாத 300 மீட்டரை எனக்குக் காட்டுங்கள். வானத்திலிருந்து கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பம் தெரிந்தால் கம்பி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பழக்குகிறார்கள். வெட்டிய வயல் மென்மையானது, ஆள் நடமாட்டம் குறைந்தது. சேறு என்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

புறப்பட்ட உடனே எஞ்சின் நின்றால் இன்னும் கடினம். இரத்மலானை ஓடுபாதையின் ஒரு முனைக்கு அப்பால் காலி வீதியும் கடலும், மறு முனைக்கு அப்பால் அத்திடிய வீடுகளும் சதுப்பும். மனம் திரும்பு திரும்பு என்று சொல்லும். திரும்புவது பெரும்பாலும் உயிரைக் கொல்லும். சரித்துத் திருப்பும்போது ஸ்டோல் ஆகும் வேகம் கூடுகிறது: 45 பாகை சரிவில் 19 வீதம், 60 பாகையில் 41 வீதம். உயரமும் இல்லை, வேகமும் இல்லை. அதனால் நேர் முன்னே உள்ளதில் நல்ல இடம் பார்த்து இறங்கு என்பதே முதல் நாளிலிருந்து சொல்லிக்கொடுக்கும் விதி.

பரசூட் இல்லையோ? வாரியப்பொலவில ரெண்டு பேர் குதிச்சுத் தப்பினவை தானே.

2025 மார்ச் 21 வாரியப்பொலவில் விழுந்தது விமானப்படையின் கே-8 ஜெட் பயிற்சி விமானம். அதில் விமானியை இருக்கையோடு வெளியே எறியும் ஏற்பாடு உண்டு, இருவரும் தப்பினார்கள். சின்ன செஸ்னாவில் அது கிடையாது. சிரஸ் போன்ற சில புதிய சிறிய விமானங்களில் முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பரசூட் வருகிறது. 152இல் உங்களைக் காப்பது தோள்பட்டி, இருக்கை, குறைந்த வேகம்.

பயிற்சிப் பிளேன் எண்டாலே விழுறது தானே. கந்தளாயில ஒண்டு, திருகோணமலையில ஒண்டு...

2020 டிசம்பர் 15 கந்தளாயில் பி.ரி.-6 (PT-6) விமானத்தில் தனியாகப் பறந்த பயிற்சி விமானி ஒருவர் இறந்தார். 2023 ஓகஸ்ட் 7 சீனன்குடாவில் அதே வகை விமானத்தில் இருவர் இறந்தார்கள். அந்த வீடுகளை நினைக்கும்போது எனக்கு இன்னும் வார்த்தை வருவதில்லை. அவை இராணுவப் பயிற்சி; விமானமும் பாடத்திட்டமும் வேறு. ஒன்றைக் காட்டி மற்றதைத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

வயதானவர்கள் சிலர் லயன் எயாரையும் எடுத்தார்கள். 1998 செப்டம்பர் 29, பலாலியிலிருந்து இரத்மலானைக்கு வந்துகொண்டிருந்த அன்டனோவில் 55 பேரை இழந்தோம். இரத்மலானை என்ற பேரைக் கேட்டாலே சில வீடுகளில் வரும் அமைதி அதிலிருந்து வருகிறது, எனக்கு விளங்கும். ஆனால் அது ஏவுகணையில் வீழ்ந்த பயணிகள் விமானம். பயிற்சி விபத்தோடு அதைச் சேர்த்துப் பேச முடியாது.

டீச்சர், கொழும்பு வெயிலுக்கு எஞ்சினுக்குள்ள ஐஸ் கட்டுமா? நம்பவே ஏலாது.

இதைக் கேட்டது என் பழைய மாணவி. நல்ல கேள்வி. கையில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றினால் குளிர்கிறதல்லவா? ஆவியாகும் திரவம் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டரிலும் அதுதான். பெற்றோல் அங்கே ஆவியாகிறது. அதோடு குறுகிய கழுத்து வழியே காற்று ஓடும்போது அழுத்தமும் வெப்பநிலையும் விழுகின்றன. இரண்டும் சேர்ந்து 20 பாகைக்கு மேல் குளிரலாம். வெளியே 28 பாகை என்றாலும் உள்ளே உறைநிலைக்கு வந்துவிடும். ஐஸ் கட்டத் தேவையான ஈரம் நம் காற்றில் தாராளமாக இருக்கிறது. குளிர் நாட்டு வறண்ட பனிக்காலத்தை விட, ஈரப்பதமான நம் நாளில் ஆபத்துக் கூடவும் இருக்கலாம். எஞ்சினைக் குறைத்து இறங்கும் நேரத்தில் மிக அதிகம், ஏனென்றால் காற்று போகும் வாசல் அப்போது பாதி மூடியிருக்கும். கொஞ்சம் ஐஸே அதை அடைக்கப் போதும்.

இதற்கு மருந்தும் விமானத்திலேயே இருக்கிறது. காபரேட்டர் ஹீட் என்று ஒரு குமிழ். இழுத்தால் புகைபோக்கியைச் சுற்றிய சூடான காற்று உள்ளே போய் ஐஸை உருக்கும். ஆனால் உருகிய தண்ணீரை எஞ்சின் விழுங்கும்போது சில விநாடி இருமும், நடுங்கும். பழகாதவர் பயந்து குமிழைத் திரும்பத் தள்ளிவிடுவார். இழுத்தபடி விடவேண்டிய நேரம் அதுதான்.

இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆராயப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. விமானம் வயலில் கிடக்கும் நேரத்துக்குள் ஐஸ் உருகி ஒரு சொட்டுத் தண்ணீரும் மிஞ்சாது. ஆகையால் மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் இதற்கு வரமுடியும்: எரிபொருளில் தண்ணீர் இருந்ததா, தீப்பொறி கொடுக்கும் மக்னீற்றோ வேலை செய்ததா, ஸ்பார்க் பிளக்குகளின் நிறம் என்ன, அன்றைய ஈரப்பதம் எவ்வளவு.

கறுப்புப் பெட்டியைப் பாத்தா எல்லாம் தெரியும் தானே?

இந்த அளவு விமானத்தில் அது இல்லை. அதற்குப் பதில் சிதைந்த பாகங்களே பேசுகின்றன. உதாரணமாக, மூக்கில் சுற்றும் உந்திச் சுழலியின் (புரொப்பெல்லர்) அலகு எப்படி வளைந்திருக்கிறது என்று பார்த்தே, தரையில் பட்டபோது எஞ்சின் வலுவோடு ஓடியதா, சும்மா சுற்றியதா என்று சொல்லிவிடுவார்கள். மகனின் கைபேசியில் இருந்த வழித்தடப் பதிவையும் கொடுத்தோம்.

ரெண்டு பேரும் தப்பினதுக்கு ஏன் 'விபத்து' எண்ட பெரிய சொல்லு?

அது உணர்ச்சிச் சொல் அல்ல, வரைவிலக்கணம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் இணைப்பு 13 அதைச் சொல்கிறது. யாராவது இறந்தாலோ கடும் காயம் அடைந்தாலோ, விமானத்தின் கட்டமைப்பு பெரிதாகச் சேதப்பட்டாலோ அது விபத்து. விரல், கால்விரல், மூக்கு தவிர்ந்த எலும்பு முறிந்தால் கடும் காயம். மகனின் மணிக்கட்டு ஒன்றே போதும்.

பொலிஸ் கேஸ் வருமோ? ஆர் விசாரிக்கிறது?

பொலிஸ் இடத்தைக் காவல் காத்தது, வாக்குமூலம் எடுத்தது. விமான விபத்து விசாரணை தனியானது. இலங்கையில் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானச் சட்டமும் சிவில் விமான சேவைகள் அதிகார சபையும் இதற்குப் பொறுப்பு. விமானத்தையும் எஞ்சினையும் வடிவமைத்த நாடு என்பதால் அமெரிக்காவுக்கும் பங்கெடுக்க உரிமை உண்டு. இறுதி அறிக்கை முடிந்தால் 12 மாதத்துக்குள் வரவேண்டும் என்பது இணைப்பு 13இன் எதிர்பார்ப்பு. அந்த விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது. குற்றமோ பொறுப்போ சுமத்துவது அல்ல என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தயவுசெய்து இந்த வரியை இரண்டு தரம் வாசியுங்கள், அடுத்த இரண்டு பதிலுக்கும் இது வேண்டும்.

சரி, சுத்தி வளைக்காமச் சொல்லுங்கோ அக்கா. ஆர்ட பிழை? தம்பியோ, சொல்லிக்குடுத்தவரோ?

இரண்டு பேர் பறக்கும் பயிற்சியில் சட்டப்படி தலைமை விமானி பயிற்றுநர். எஞ்சின் திக்கியதும் அவர் 'ஐ ஹாவ் கொன்ட்ரோல்' என்றார், மகன் 'யூ ஹாவ் கொன்ட்ரோல்' என்று கையை எடுத்தான். யார் கையில் விமானம் என்பதில் ஒரு விநாடியும் மயக்கம் வரக்கூடாது என்பதற்காக வைத்த வாசகம் அது. வயலைத் தேர்ந்ததும் இறக்கியதும் அவர். அவர் கையால்தான் என் பிள்ளை இன்று வீட்டில் சாப்பிடுகிறான்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. யார் என்ற கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்ததும் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஏன் என்று கேட்டால் போகமுடியாது. குமிழை எப்போது இழுப்பது என்று பாடத்தில் எப்படிச் சொல்லப்பட்டது? சரிபார்ப்புப் பட்டியலில் அது எந்த இடத்தில் இருக்கிறது? முந்தின நாள் பறந்தவர் எஞ்சின் நடுங்கியதைக் கவனித்தாரா, கவனித்தால் எழுதினாரா? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் அடுத்த பிள்ளை தப்பும்.

குமிழை இழுக்கச் சுணங்கினதா தம்பி தானாப் போய்ச் சொன்னவராம். கேக்காத விசயத்தை ஏன் வாயைக் குடுத்தவர்?

உண்மை. அவனே சொன்னான். இறங்கத் தொடங்கி எத்தனை விநாடி கழித்து இழுத்தான் என்பது அவனுக்கு நிச்சயமில்லை, பிந்தியிருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தான். என் கணவர் அதை விரும்பவில்லை. 'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு' என்றார். நானும் முதல் நாள் அவர் பக்கம்தான் நின்றேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பல வருடத்துக்கு முன் என் ஆய்வுகூடத்தில் ஒரு பையன் பாதரச வெப்பமானியை உடைத்துவிட்டான். நான் ஏசுவேன் என்ற பயத்தில் கண்ணாடியைப் பொறுக்கி அலுமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். ஒன்றரை வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அத்தனை நாளும் நாற்பது பிள்ளைகள் அந்த அறையில் பாதரச ஆவியைச் சுவாசித்தார்கள். உடைத்தது அவன். மறைக்க வைத்தது என் வாய். அந்தத் தவணையிலிருந்து உடைந்ததைச் சொன்ன பிள்ளையை நான் ஏசியதே இல்லை. அப்படிப்பட்ட நான் என் மகனுக்கு மறைக்கச் சொல்லிக் கொடுத்தேன். விடிந்ததும் அவனிடம் போய், நீ எழுதியது சரி என்றேன்.

விசாரணையில் சொல்லும் வாக்குமூலத்தை விசாரணை தவிர்ந்த வேறு தேவைக்கு இலேசில் வெளியே கொடுக்கக்கூடாது என்று இணைப்பு 13 பாதுகாப்பு வைத்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பு முழுமையானது அல்ல. உரிய அதிகாரி தீர்மானித்தால் வெளியே வரலாம். அதையும் தெரிந்துகொண்டுதான் அவன் சொன்னான். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த ஐஸ் உருகிய மாதிரி அந்த விநாடிகளும் தடயமில்லாமல் போயிருக்கும்.

எங்கட வீட்டுக்குக் கிட்ட ஒண்டு விழுந்தா என்ன செய்யோணும்?

119 பொலிசுக்கும் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கும் அழையுங்கள். தீ என்றால் 110. சிகரெட், தீக்குச்சி வேண்டாம். சுழலியைத் தொடவே கூடாது: இந்த எஞ்சின்களுக்குத் தீப்பொறி கொடுப்பது பற்றரி அல்ல, மக்னீற்றோ. சாவி நிறுத்தாமல் இருந்தால் கையால் சிறிது திருப்பினாலும் எஞ்சின் உதைக்கலாம்.

கவிழ்ந்த விமானத்தில் பட்டியில் தொங்குபவரின் பட்டியைச் சட்டென்று அறுத்தால் தலை கீழே குத்தும், கழுத்து போய்விடும். முதலில் தோளைத் தாங்குங்கள். அன்று வயலில் இருந்த இரண்டு பேர் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்படித்தான் செய்தார்கள். ஒருவர் முதுகைக் கொடுத்துத் தாங்க, மற்றவர் அறுவடைக் கத்தியால் பட்டியை வெட்டினார். புதுவருடத்துக்கு அவர்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டு போனோம். ஆளைக் காப்பாற்றிய பிறகு எதையும் நகர்த்தாதீர்கள், ஞாபகத்துக்கு என்று ஒரு துண்டும் எடுக்காதீர்கள். படம் எடுத்தால் விசாரணைக்காரரிடம் கொடுங்கள். வட்ஸப்பில் போடாதீர்கள், கவிழ்ந்த விமானத்தின் படத்தை நான் பார்த்தது, மகன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிய வருவதற்கு இருபது நிமிடம் முன்.

பட்டம் விடுறதாலயும் பிரச்சினை வருமாமே?

வரும். விமான நிலையச் சுற்றாடலில் பட்டம் விடத் தடை இருக்கிறது. நைலோன் நூல் சுழலியிலோ சுக்கானிலோ சுற்றினால் சிறிய விமானத்துக்கு அது போதும். பட்டத்தை விடப் பறவை பெரிய கவலை: ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே பெல்லன்வில அத்திடிய பறவைகள் சரணாலயம். பிள்ளைகளைக் காலி முகத்திடலுக்குக் கூட்டிப்போய்ப் பட்டம் விடவையுங்கள்.

மகளைச் சேர்க்கலாம் எண்டு நினைச்சனாங்கள். இனி விடலாமோ? எதைக் கேட்டுச் சேர்க்கிறது?

காசு கட்டும் முன் மருத்துவப் பரிசோதனை. வணிக விமானிக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். பல இலட்சம் கட்டிய பிறகு அது கிடைக்காது என்று தெரிந்துகொண்ட குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு 17 வயது, வணிக அனுமதிப்பத்திரத்துக்கு 18.

பாடசாலைக்குப் போனால் கட்டணத்தைக் கடைசியில் கேளுங்கள். அதிகார சபையின் அங்கீகாரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன பதிவுப் புத்தகத்தைக் காட்டுவார்களா? 'எஞ்சின் சத்தம் சரியில்லை, இன்று பறக்கமாட்டேன்' என்று மாணவி சொன்னால் அந்த மணித்தியாலக் காசு வெட்டுவார்களா? பிறகு மூத்த மாணவர் ஒருவரைத் தனியே பிடித்து, கடைசியாக நீங்கள் எழுதிக் கொடுத்த குறைபாடு என்ன, அதற்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். 'இங்கே குறைபாடே வராது' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அவனை இனியும் பறக்க விடுவீங்களோ?

மணிக்கட்டு ஆறி, மருத்துவச் சான்று திரும்பக் கிடைத்து, போன மாதம் பறந்தான். அதே பயிற்றுநரோடுதான் போக வேண்டும் என்று கேட்டு வாங்கினான். புறப்படும் முன் டேங்கிலிருந்து வடித்த நீல நிறப் பெற்றோலை வெளிச்சத்தில் பிடித்து, அடியில் தண்ணீர் இல்லை என்று ஒரு படம் எனக்கு அனுப்பினான். ஒவ்வொரு தடவையும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான், அனுப்புகிறான்.

என் கணவர் இன்னும் சம்மதிக்கவில்லை. காலையில் கடற்கரைப் பக்கமாகச் சின்ன விமானச் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார். இந்தக் கேள்வியை அவரிடம் கேட்க வேண்டாம், என்னிடம் கேளுங்கள்.